‘முழு சர்வீஸ்’ செய்த தோரன்ஸ் டிடி 160: பணம் கொடுக்கும் முன் பிளாட்டரை அழுத்திப் பாருங்கள்

பழைய தோரன்ஸ் கம்பெனி டர்ன்டேபிள் (இசைத்தட்டு பிளேயர்) வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் பழைய ஆடியோ சாதனங்கள் விற்கும் ஒருவரிடம் ரூ. 48,000 கொடுத்து டிடி 160 ஒன்று வாங்கினேன். “முழு சர்வீஸ் முடிஞ்சது சார், பெல்ட்கூட புதுசு” என்றார். ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினார், நன்றாகவே இருந்தது. ஹெட்ஃபோனில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

வீட்டில் ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் ‘ஊ’ என்று ஒரு உறுமல் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குப் போய், திரும்ப ஸ்பீக்கரிலேயே சத்தமாக வருகிறது. மேசையைத் தட்டினால் ஸ்பீக்கரில் ‘தொம்’ என்கிறது. இந்த மாடலில் அப்படி நடக்கவே கூடாது. 1961-இல் அமெரிக்க ஆடியோ வடிவமைப்பாளர் எட்கர் வில்சர் தன் ஏஆர் கம்பெனி டர்ன்டேபிளில் கொண்டுவந்த அமைப்புதான் இதிலும் இருக்கிறது. பிளாட்டரும் (இசைத்தட்டை வைக்கும் சுழல்தட்டு) டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) ஒரே உள்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்கில் மிதக்கும், மோட்டார் தனியாக மேல்தகட்டில் இருக்கும். ஸ்பிரிங் நொடிக்கு நான்கைந்து முறை மட்டும் ஆடும் அளவுக்கு இளக்கமானது. அதைவிட வேகமான அதிர்வுகள் பெரும்பாலும் ஊசியை எட்டாது.

அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங்குகளுக்குள் ரப்பர் துண்டுகளைத் திணித்து, உள்சட்டத்தை மேல்தகட்டோடு சிலிக்கோன் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். இரண்டு ஸ்பிரிங் கூம்பு வடிவம். மூன்றாவது வேறு எதிலிருந்தோ பிடுங்கிய நேர் ஸ்பிரிங். ஒவ்வொரு நட்டாகத் திருகி மட்டம் பார்க்கப் பொறுமை வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல், மிதக்க வேண்டியதைக் கட்டிப்போட்டுவிட்டு அதற்கு சர்வீஸ் என்று காசும் வாங்கியிருக்கிறார். போனில் கேட்டால், “வின்டேஜ் மெஷின் சார், அப்படித்தான் இருக்கும்” என்று வைத்துவிட்டார். பணம் திரும்பவில்லை. காசைவிட, ஒரு நல்ல மெஷினை இப்படிப் பாழாக்கியதுதான் எனக்கு ஆத்திரம்.

பார்க்கப் போகும்போது பிளாட்டரை மெல்ல அழுத்தி விடுங்கள். பக்கவாட்டில் ஆடாமல் நேர் மேலும் கீழுமாகக் குதித்து அடங்க வேண்டும். அசையாவிட்டால், வண்டியில் கொண்டுபோகும்போது பூட்டும் திருகுகள் இறுக்கியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவற்றைத் தளர்த்தியும் அசையவில்லையா, அடிப்பலகையைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், இதே ஆள் அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின்களை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு விற்கிறார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கும், மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்ததுதான். 60 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரம்) இருந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று கிட்டத்தட்ட 28-க்கு இறங்கிவிடும், 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவார். 50 ஹெர்ட்ஸ் புல்லிதான் மாட்டியிருக்கிறது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.