பாடியை விடுங்கள், மவுண்ட்டைப் பாருங்கள்: கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜி ஓர் அலசல்

1950-இல் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் இருந்தார். ஜுன் மிகி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் அவரை ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் காட்டினார். அதன் கூர்மையைப் பார்த்து அசந்துபோன டங்கன், எந்த லென்ஸ் என்று விசாரித்தார். 85 மி.மீ. எஃப் 2 நிக்கோர். வெளிநாடுகளில் அதிகம் பேர் கேள்விப்படாத நிப்பான் கோகாகு, அதாவது இன்றைய நிக்கான் நிறுவனத்தின் தயாரிப்பு. நேரில் போய்ச் சோதித்துப் பார்த்த டங்கன், தன் லைக்கா கேமராவில் நிக்கோரை மாட்டிக்கொண்டு கொரியப் போரைப் படம்பிடிக்கப் போனார். அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஜப்பானிய லென்ஸ்களைப் பற்றி எழுதியது. நிக்கான் என்ற பெயர் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது அப்போதுதான்.

இதில் எனக்குப் பிடித்தது, டங்கன் கேமராவை மாற்றவே இல்லை என்பது. லென்ஸை மட்டும் மாற்றினார். லைக்காவின் திருகு மவுண்ட்டுக்கு (லென்ஸைக் கேமராவில் பூட்டும் வாய்) யார் வேண்டுமானாலும் லென்ஸ் செய்து விற்க முடிந்த காலம் அது. இன்றைக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் வாசலுக்குத் தனிப் பூட்டுப் போட்டிருக்கிறது. அதனால் கேமரா வாங்குகிறவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது, அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்குத் தன் லென்ஸ்கள் எந்த வாசலில் நுழையும் என்பதைத்தான்.

ஆனால் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை பாடியோடு (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) தொடங்கிப் பாடியோடு முடிந்துவிடுகின்றன. இத்தனை மெகாபிக்சல், நொடிக்கு இத்தனை படம் என்று டிக் அடித்து ஜெயித்தவரை அறிவித்துவிடுவார்கள். அந்த வெற்றி அடுத்த மாடல் வரும்வரை தாங்கும். 24 மெகாபிக்சலுக்கும் 33-க்கும் நடக்கும் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் அகலத்தில் கணக்குப் போட்டால் 6,000 புள்ளிகள் 7,000 ஆகின்றன, அவ்வளவுதான். பெரிய பிரிண்ட் போடாதவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இன்னொரு வேடிக்கை: நிக்கான், ஃபியூஜி கேமராக்கள் பலவற்றின் சென்சார் சோனியின் ஆலையில் தயாரானது. 'சோனி சென்சாரா, நிக்கான் சென்சாரா' என்று மணிக்கணக்கில் வாதாடுகிறவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

மவுண்ட்டின் கதை

நிக்கான் 1959-இல் எஃப் மவுண்ட்டைக் கொண்டுவந்து, மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) காலம் வரை அதை விடவில்லை. கேனான் நேர் எதிர். 1987-இல் தன் எஃப்டி மவுண்ட்டை ஒரேயடியாகக் கைவிட்டு, முழுக்க மின் இணைப்பில் ஓடும் ஈஎஃப் மவுண்ட்டுக்குத் தாவியது. எஃப்டி லென்ஸ்களை அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேனானின் கணக்கு தப்பவில்லை. ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்ததால் விளையாட்டு, காட்டுயிர் புகைப்படக்காரர்களைப் பெருமளவில் இழுத்துக்கொண்டது. நிக்கானோ பழைய வாடிக்கையாளரை விட்டுவிடக் கூடாது என்று மோட்டாரைப் பாடிக்குள் வைத்து, லென்ஸைத் திருகி ஓட்டியது. பிறகு 2006-இல் வந்த தொடக்கநிலைக் கேமராவான டி40-இல் அந்த மோட்டாரையே எடுத்துவிட்டது. பழைய லென்ஸ் மாட்டும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. 'எங்கள் மவுண்ட் மாறவே இல்லை' என்ற பெருமையில் பாதி அங்கேயே கழன்றுவிட்டது என்பது என் கருத்து.

சோனி 2006-இல் கோனிகா மினோல்டாவின் கேமரா தொழிலை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கியது. 2010-இல் இ மவுண்ட், 2013-இல் அதே மவுண்ட்டில் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) ஏ7. கேனானும் நிக்கானும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கு வந்தது 2018-இல்தான். கேனான் ஆர்எஃப் மவுண்ட், நிக்கான் இசட் மவுண்ட். அந்த ஐந்து வருஷ முந்தல்தான் இன்றைக்கும் சோனியின் பெரிய சொத்து. புதிதாக வந்த லென்ஸ் நிறுவனங்களில் பெரும்பாலானவை முதலில் கதவைத் தட்டியது சோனி பக்கம்.

நிக்கான் வந்தவுடன் வாய்விட்டத்தைக் காட்டி விளம்பரம் செய்தது. இசட் மவுண்ட் 55 மி.மீ., ஆர்எஃப் 54 மி.மீ., சோனி வெறும் 46.1 மி.மீ. 'சின்ன வாயில் நல்ல லென்ஸ் செய்யவே முடியாது' என்று ஒரு கூட்டம் அடித்துச் சொன்னது. மூன்று நிறுவனமும் செய்த 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிக்கான் 1,090 கிராம். கேனான் 950. சோனி 778. மூன்றுமே தரத்தில் குறை சொல்ல முடியாதவை. சின்ன வாய்க்காரர்தான் ஆக லேசான லென்ஸைச் செய்து காட்டியிருக்கிறார். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிடுகிறவருக்கு அந்த 300 கிராம் பெரிய விஷயம்.

வாய்விட்டத்தைவிட மவுண்ட்டிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரம் சுவையானது. நிக்கானில் 16 மி.மீ., சோனியில் 18. இடையில் 2 மி.மீ. இருப்பதால், அந்தத் தடிமனுக்குள் ஒரு அடாப்டரைச் செய்து, சோனி லென்ஸை நிக்கான் பாடியில் ஆட்டோ ஃபோகஸோடு ஓட்டுகிறார்கள். நிக்கான் இசட் லென்ஸை அப்படிச் சோனியில் மாட்ட வழியில்லை.

யார் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சோனி 2011-இலேயே இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டது. சிக்மா, டாம்ரான் தொடங்கிப் பெயர் கேள்விப்படாத சின்ன நிறுவனங்கள்வரை அதற்கு லென்ஸ் செய்கின்றன. செகண்ட் ஹேண்ட் சந்தையிலும் அதே அளவுக்குச் சரக்கு ஓடுகிறது.

கேனான் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. ஆர்எஃப்-க்கு ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் செய்துவந்த வில்ட்ராக்ஸ் 2022-இல் விற்பனையை நிறுத்த வேண்டிவந்தது. 2024-இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் அனுமதி கிடைத்தது, அதுவும் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) லென்ஸ்களோடு. கேனானின் சொந்த லென்ஸ்கள் அருமையானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் உயர்தரம் ஒரு ஓரம், சிக்கனம் இன்னொரு ஓரம். நடுவில் இருக்க வேண்டிய எஃப் 2.8 ஜூம், எஃப் 1.4 பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) வகையறாவில்தான் மற்ற மவுண்ட்களில் சிக்மாவும் டாம்ரானும் கொடிகட்டிப் பறக்கின்றன. கேனானில் அந்த நடு இடம் வெகுநாள் காலியாகவே கிடந்தது.

நிக்கான் இரண்டுக்கும் நடுவில். டாம்ரானின் ஃபுல் ஃபிரேம் லென்ஸ்கள் சில இசட் மவுண்ட்டில் கிடைக்கின்றன, சிக்மா ஏபிஎஸ்-சி லென்ஸ்களோடு நுழைந்தது. கதவு ஒருக்களித்திருக்கிறது என்று சொல்லலாம்.

ஒரு பறவை, மூன்று லென்ஸ்

பொதுவாகப் பேசினால் எல்லாமே நல்ல கேமரா என்று முடிந்துவிடும். ஒரு வேலையை எடுத்து உரசிப் பார்த்தால்தான் சாயம் தெரியும். பறவைப் படத்துக்கு ஆளுக்கொரு நீள ஜூம் வைத்திருக்கிறார்கள்: சோனி 200-600 (2019), நிக்கான் 180-600 (2023), கேனான் 200-800 (2023). எடையில் மூன்றும் சுமார் இரண்டு கிலோ.

சோனியும் நிக்கானும் உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகின்றன. லென்ஸ் நீளாது, எடை முன்னே சாயாது. முக்காலியில் கிம்பல் தலையை (கனமான லென்ஸைத் தாங்கித் திருப்பும் பிடி) ஒருமுறை சமன் செய்துவிட்டால் அப்படியே நிற்கும். கேனான் ஜூமைத் திருகினால் குழல் வெளியே நீள்கிறது, சமநிலையும் நகர்கிறது. பதிலுக்கு 800 மி.மீ. கிடைக்கிறது. ஆனால் அந்த 800-இல் துளை எஃப் 9 (எண் ஏற ஏற ஒளி நுழையும் துளை சின்னது). மற்ற இரண்டும் 600-இல் எஃப் 6.3. இந்த இடைவெளி ஒரு ஸ்டாப், அதாவது உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. அவர்கள் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200-இல் எடுக்கும் அதே வெளிச்சத்தில், அதே ஷட்டர் வேகத்துக்குக் கேனான்காரர் 6400-க்குப் போக வேண்டும். வெயிலில் பிரச்சினையே இல்லை. விடிகாலையில் புதருக்குள் உட்கார்ந்திருக்கும் குருவிக்கு இது உறைக்கும். எட்டாத தூரத்தில் இருக்கும் பறவைக்கோ 800 மி.மீ. வைத்திருப்பவர்தான் ராஜா, மற்றவர் கணினியில் வெட்டிப் பெரிதாக்க வேண்டியதுதான்.

இதற்கு மேலே போனால் நிக்கான் தனித்து நிற்கிறது. லென்ஸின் நீளத்தையும் எடையையும் குறைக்கும் ஃபேஸ் ஃப்ரெனல் கண்ணாடி வைத்த 800 மி.மீ. எஃப் 6.3 லென்ஸை 2.4 கிலோவுக்குள் அடக்கியிருக்கிறார்கள். கையில் பிடித்தே எடுக்கலாம். கேனான் அதே ஒளியியல் வித்தையை 2020-இல் வேறு விதமாகப் பயன்படுத்தியது: 600, 800 இரண்டிலும் எஃப் 11 லென்ஸ். துளையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஆனால் எடை அபாரமாகக் குறைவு. முதல்முறை பறவை பார்க்கப் போகிறவருக்கு அதைவிட நல்ல வாசல் எந்த நிறுவனத்திலும் இல்லை என்பேன். மொத்தத்தில், பறவைதான் வேலை என்றால் நான் நிக்கானைச் சொல்வேன். பாடியில் சோனியும் கேனானும் ஒரு மயிரிழை முன்பின் இருக்கலாம். லென்ஸ் வரிசை நிக்கானிடம்தான்.

நிறம் என்ற பஞ்சாயத்து

'கேனானில் தோல் நிறம் அழகு' என்பது எல்லோரும் சொல்லும் வாசகம். ரா கோப்பில் (சென்சார் பதிந்த, பதப்படுத்தாத தரவு) எடுத்துக் கணினியில் திருத்துகிறவருக்கு இதில் பாதி மாயை. ஒரே ரா கோப்பை இரண்டு மென்பொருளில் திறந்தால் இரண்டு நிறம் வரும். அங்கே வேலை செய்வது மென்பொருளின் புரொஃபைலும் வெள்ளைச் சமநிலையும். கேமராவிலிருந்து வரும் ஜேபெக்கை அப்படியே கொடுக்கிறவருக்குத்தான் வித்தியாசம் உண்மையானது.

அப்படிப்பட்டவர் ஃபியூஜியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. 1934-இலிருந்து ஃபிலிம் செய்த நிறுவனம். ப்ரோவியா, வெல்வியா, அஸ்டியா என்று தன் ஃபிலிம்களின் குணத்தையே கேமராவுக்குள் ஏற்றியிருக்கிறது. ஃபுல் ஃபிரேம் பக்கமே போகாமல், ஒரு பக்கம் ஏபிஎஸ்-சி, மறுபக்கம் அதைவிட நான்கு மடங்கு பரப்புள்ள மீடியம் ஃபார்மட் என்று தாண்டிப் போனதும் ஃபியூஜியின் துணிச்சல்தான். குறையும் உண்டு. எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் நிறப்புள்ளிகள் வழக்கமான வரிசையில் இல்லாததால், சில மென்பொருள்களில் இலைதழைகளைக் கூர்மையாக்கினால் புழு நெளிவதுபோல் ஒரு வடு வரும். ஓடுகிற விளையாட்டுக்காரரைப் பின்தொடர்ந்து ஃபோகஸ் பிடிப்பதிலும் பெரிய மூவருக்கு ஒரு படி கீழேதான் அதை வைப்பேன்.

விரல்களுக்குத் தெரிந்தது

எந்த விவரத்தாளிலும் வராத வித்தியாசங்கள் கைக்குத் தெரியும். நிக்கானில் லென்ஸ் மாட்டத் திருப்பும் திசை, கேனானுக்கும் சோனிக்கும் நேர் எதிர். அவசரத்தில் தப்பான பக்கம் முறுக்குவது மாறியவர்கள் எல்லோருக்கும் நடப்பது. ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறைக்குக் கேனான் டயலில் 'டிவி' என்றிருப்பது நிக்கானிலும் சோனியிலும் 'எஸ்'.

ஒருவரே வேலை செய்தால் இது ஒரு மாதத்தில் பழகிவிடும். இருவர் மூவர் சேர்ந்து ஒரே நிகழ்ச்சியை எடுப்பதானால் கதை வேறு. ஃபிளாஷ் டிரிகர் நிறுவனத்துக்கு நிறுவனம் தனி. பேட்டரி தனி; கேனானின் எல்பி-இ6 குடும்பம் 2008-இலிருந்தும், நிக்கானின் இஎன்-இஎல்15 குடும்பம் 2010-இலிருந்தும் ஓடுகின்றன. மெமரி கார்டும் தனி: சோனி சின்ன டைப் ஏ சிஎஃப்எக்ஸ்பிரஸ், மற்ற இருவரும் பெரிய டைப் பி. சோனியின் அந்த ஸ்லாட்டில் எஸ்டி கார்டும் நுழையும் என்பது கெட்டிக்காரத்தனம். பாதி வேலையில் பேட்டரி தீர்ந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் கை நீட்ட முடிய வேண்டும். ஆகவே குழுவாக வேலை செய்கிறவருக்கு என் பதில் ஒரே வரி: மற்றவர் வைத்திருப்பதையே வாங்குங்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020-இல் தன் உலகளாவிய குழுவை மொத்தமாகச் சோனிக்கு மாற்றியது. ஆளுக்கொரு நிறுவனமாகப் பிரிந்து கிடக்காமல் எல்லோர் பையிலும் ஒரே சரக்கு.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீடியோ முக்கியம் என்றால் பானசோனிக்கைப் பாருங்கள். லைக்கா, சிக்மாவோடு எல் மவுண்ட்டைப் பகிர்வதால் லென்ஸுக்குப் பஞ்சமில்லை. மலையேறுகிறவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும், ஒலிம்பஸ் வழிவந்த, எடை குறைந்த ஓஎம் சிஸ்டம். கண்ணாடிப் பிரிசம் வழியாகத்தான் பார்ப்பேன் என்பவருக்குப் பென்டாக்ஸ் இன்னும் இருக்கிறது. லைக்கா எம் வாங்குகிறவர் ஒப்பீட்டு அலசல் படித்து வாங்குவதில்லை.

பரணில் பழைய லென்ஸ் இருந்தால்

கேனான் ஈஎஃப் லென்ஸ்கள் வைத்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம். கேனானின் அடாப்டர் வழியாக ஆர்எஃப் பாடியில் அவை புது லென்ஸ்போலவே ஓடுகின்றன. நிக்கானில் மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் நன்றாக வேலை செய்யும். திருகி ஓட்டும் ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு அதில் மோட்டார் இல்லை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். விந்தை என்னவென்றால், அடாப்டருக்குள் மோட்டார் வைத்துக் காட்டியது சோனி. அதன் எல்ஏ-இஏ5 அடாப்டருக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. 1985-இல் வந்த மினோல்டா லென்ஸைக்கூட அது ஆட்டோ ஃபோகஸில் ஓட்டும். ஆனால் எல்லா சோனி பாடியிலும் அல்ல. திருகு லென்ஸை ஏற்கும் மாடல்கள் குறிப்பிட்ட சில மட்டுமே. அடாப்டரை வாங்குமுன் உங்கள் பாடி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.