அலாஸ்கா: தென்கிழக்கா, உள்நாடா?

பரப்பில் இந்தியாவின் பாதிக்கும் மேல் இருக்கும் அமெரிக்க மாநிலமான அலாஸ்காவை ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியாது. முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் தென்கிழக்கு, உள்நாடு இரண்டுக்கும் நடுவேதான் தடுமாறுவார்கள்.

தென்கிழக்கு என்றால் கடல்வழி. தலைநகர் ஜூனோவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. கப்பல், இல்லாவிட்டால் விமானம். கோடையில் திமிங்கலங்களையும், கிளேசியர் பே விரிகுடாவில் உடைந்து கடலில் விழும் பனியாற்றையும் கப்பல் தளத்தில் நின்றே பார்க்கலாம். மழைதான் தொல்லை.

உள்நாட்டுக்கு, ஆங்கரேஜ் நகரிலிருந்து ரயிலோ காரோ போதும். 6,190 மீட்டர் உயர டெனாலி சிகரம் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால், அங்கே குறைந்தது இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும். கோடையில் டெனாலி தேசியப் பூங்காச் சாலையில் சொந்த வண்டிக்கு முதல் 24 கிலோமீட்டர்தான் அனுமதி, அப்புறம் பேருந்து. அதுவும் நல்லதுதான், ஓட்டுகிற கவலையில்லாமல் கரடியையும் காரிபு மான்களையும் தேடலாம். இரவு வானில் தெரியும் துருவ ஒளிக்கு உள்நாட்டு நகரமான ஃபேர்பேங்க்ஸ் போக வேண்டும், ஆனால் ஜூனில் போய்ப் பயனில்லை. இரவே சரியாக இருட்டாது. ஆகஸ்ட் கடைசி முதல் ஏப்ரல் வரை சரியான காலம். நடுக்குளிரில் மைனஸ் 40 வரைகூட இறங்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோருடன் என்றால் தென்கிழக்கு. நடக்கத் தெம்பிருந்தால் நான் உள்நாட்டைத்தான் சொல்வேன். ஏனென்றால் தென்கிழக்கில் கப்பல்கள் நிற்கும் துறைமுகத் தெருக்களில் காட்டைவிட நகைக்கடைகள்தான் முதலில் கண்ணில் படும்.