பழைய பிக்கப்பில் ஓவர் சார்ஜ்: ரெகுலேட்டர் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரிலிருந்து மலைமேல் உள்ள குமுளிக்கும் கம்பம் மெட்டுக்கும் ஏலக்காய் மூட்டை ஏற்றி இறக்கும் பழைய டீசல் பிக்கப்புகளில், ரெகுலேட்டர் (ஆல்டர்னேட்டர் தரும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தனியாக மட்கார்டில் இருக்கும் வகைக்கு நீண்ட நாள் ஓட்டத்தில் வரும் தொல்லை ஓவர் சார்ஜ். ஹெட்லைட் பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகும். பேட்டரி மூடியைச் சுற்றி எப்போதும் ஈரம், மாதா மாதம் டிஸ்டில்டு வாட்டர், வண்டியை நிறுத்தியதும் அழுகிய முட்டை நாற்றம். உடனே "டைனமோ போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரில் கோளாறே இருக்காது.

முதலில் மீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் ஆறிய நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை சரி. 14.8ஐத் தாண்டினால் ஆசிட் கொதிக்கத் தொடங்கும்.

அடுத்து ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றுங்கள். வேகம் கூடக் கூட வோல்டேஜும் 16, 17 என்று ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் உள்ளே ஷார்ட், அல்லது ரெகுலேட்டரிலிருந்து ஆல்டர்னேட்டர் சுருளுக்குப் போகும் ஃபீல்டு ஒயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது. ஐடிலில் வைத்து, ரெகுலேட்டர் பக்கம் ஃபீல்டு ஒயரைக் கழற்றுங்கள். சார்ஜ் நின்றால் ரெகுலேட்டர்தான். நிற்காவிட்டால் ஒயரைத் தேடுங்கள்.

ஏறாமல் 15க்குப் பக்கத்திலேயே நின்றால் கதை வேறு. ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக வோல்டேஜ் கொஞ்சம் இறங்க வேண்டும், இங்கே ஏறும். ரெகுலேட்டருக்குப் போகும் இக்னிஷன் லைனிலேயே லைட்டும் கரண்ட் இழுப்பதால் அதற்கு உண்மையைவிடக் குறைந்த வோல்டேஜ் தெரிகிறது. சாவி சுவிட்சிலும் ஃபியூஸ் பாக்ஸிலும் 0.8 வோல்ட் தொலைந்தால், அது 14.2 என்று நினைத்துக்கொண்டு பேட்டரிக்கு 15.0 அனுப்பும்.

ரெகுலேட்டர் உடம்பின் எர்த்தில் வோல்ட் தொலைந்தாலும் இதே கதைதான். அதனால் எஞ்சின் ஓடும்போதே இரண்டு இடம் அளக்க வேண்டும். பேட்டரி மைனஸிலிருந்து ரெகுலேட்டர் உடம்புக்கு 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரி பிளஸிலிருந்து ரெகுலேட்டரின் இக்னிஷன் முனைக்கு 0.2க்குள். எங்கே அதிகமோ அங்கேதான் வேலை.

இந்த வட்டாரத்தில் முதலாவது, அதாவது மைனஸ் பக்க எர்த்துதான் அதிகம் மாட்டும். குமுளியில் மழை கொட்டும்போது கம்பத்தில் காற்று மட்டும் வீசும். நனைவதும் காய்வதுமாக இருக்கும் மட்கார்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். ரெகுலேட்டரின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள்: அடியில் பழைய பெயின்ட், அதன்மேல் துருப்பொடி, ஓட்டையைச் சுற்றி வெளுத்த வளையம். எமரி தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, ரெகுலேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைத் தனியாக இழுங்கள். வெறும் சுரண்டல் அடுத்த மழைக்குத் தாங்காது. தனி எர்த் போட்டால் மழைக்காலங்கள் தாண்டியும் அளவு அசையாது.

பிளஸ் பக்கம் கெட்டிருந்தால் நான்கு கால் ரிலே (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று போட்டு, இக்னிஷன் லைனால் ரிலேவை இழுக்கவைத்து, ரெகுலேட்டருக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகக் கொடுங்கள். சாவி சுவிட்ச் மாற்றுவதைவிட இது நம்பகமானது.

ஏற்றத்தில் இரண்டாவது கியரில் வெகுநேரம் உறுமும் வண்டியில் பேட்டரி சீக்கிரம் சாகிறது. சூடும் சேர்கிறது: பேட்டரி ஒரு டிகிரி சூடானால் தேவையான வோல்டேஜ் சுமார் 0.02 முதல் 0.03 குறையும். மே மாத வெயிலில் எஞ்சின் பக்கத்தில் வெந்து கிடக்கும் பேட்டரிக்கு 14.4கூட அதிகம். புது ரெகுலேட்டர் வாங்கினால் 14.0–14.2 அளவில் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி கேபிளைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு நொடியில் எகிறும் வோல்டேஜ் டயோடைத் தின்றுவிடும். கொதித்த பேட்டரி பக்கத்தில் பீடி கூடாது, வெளிவருவது ஹைட்ரஜன். பிளேட்டுக்கு மேல் 10 மில்லிமீட்டர் நிற்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம். தட்டில் வழிந்ததைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள், மூடிக்குள் மட்டும் ஒரு துளியும் போகக்கூடாது.