.22 பிஸ்டலும் ஸ்னாப் கேப்பும்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சேம்பரின் (தோட்டா அமரும் குழி) விளிம்பைச் சரிசெய்து என் .22 பிஸ்டல் சென்ற வாரம் கைக்கு வந்தபோது, ரேஞ்ச் நண்பர் ஒருவர், "நீங்கள் ஸ்னாப் கேப் போட்டுத்தானே ட்ரை ஃபயர் செய்வீர்கள், பிறகு எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுவதே ட்ரை ஃபயர்; அப்போது சேம்பரில் போடும் போலித் தோட்டாவே ஸ்னாப் கேப்.

.22 ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள் இருப்பதால், தோட்டாவைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் அந்த விளிம்பைச் சேம்பரின் ஓரத்தில் வைத்து நசுக்குகிறது. பின்னை முன்னதாகவே தடுத்து நிறுத்தும் அமைப்பு இல்லாத பிஸ்டலில், தோட்டாவும் இல்லாவிட்டால், அடி முழுவதும் சேம்பரின் ஓரத்தில்தான் விழும். இடையில் நின்று அந்த அடியை வாங்குவதற்காகவே நான் அலுமினிய ஸ்னாப் கேப் வாங்கினேன்.

வாங்கிய நாளிலிருந்து என்னை வாட்டும் குறை அதன் விளிம்புதான். ஃபயரிங் பின் ஒருமுறை தட்டினாலே நகம் பதிந்தது போல ஒரு பள்ளம் விழுகிறது. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் தட்டினால் பள்ளம் ஆழமாகி, கேப் இருந்தும் இல்லாத நிலை வந்துவிடுகிறது. விளிம்பில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, ஐந்து தட்டலுக்கு ஒருமுறை கேப்பைச் சற்றே திருப்பிப் போட்டு வந்தேன். போட்டி நெருங்கிய மாதத்தில் அந்த ஒழுங்கைக் கைவிட்டேன். சுட்ட தோட்டாவின் கூடு சேம்பரில் சிக்கத் தொடங்கிய பிறகே பிதுங்கியிருந்த சேம்பர் ஓரம் கண்ணில் பட்டது. தவறு என்னுடையதுதான். ஆனாலும், தொடர்ந்து ட்ரை ஃபயர் செய்ய ஏற்றதல்ல என்னும் எச்சரிக்கையைப் பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் பலர் சுவரில் திருகு பொருத்த உதவும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கையே கேப்புக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்கள். தேய்ந்தால் தூக்கி எறிந்துவிடலாம் என்பதால் அது எனக்கு நேர்மையான வழியாகவே படுகிறது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. பிஸ்டலின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கேப் வெளியே தெறித்துக் கட்டிலுக்கடியில் உருளும். அதைத் தேடி எடுத்து, சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதித்துவிட்டே மீண்டும் போடுவேன். மேகசினைக் கழற்றி, உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிய பிறகும் இச்சோதனையை நான் விடுவதில்லை. 25 மீட்டர் போட்டியின் விரைவுச் சுற்றில் இலக்கு 3 விநாடி தெரிந்து 7 விநாடி மறைந்திருக்கும். அந்த 3 விநாடிக்குள் கையை உயர்த்தி ட்ரிகரைப் பதறாமல் அழுத்தும் பக்குவம், ஒவ்வொரு தட்டலுக்கும் இடையில் இப்படி நின்று நிதானித்ததால்தான் எனக்கு வந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் காற்று வெளியேறாமல் ட்ரிகரை மட்டும் பழகும் வசதி உள்ளேயே இருக்கிறது. .22 வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் பிஸ்டலின் கையேடு ட்ரை ஃபயரை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நண்பரிடம் அலுமினியக் கேப் வாங்க வேண்டாம் என்று கோபத்தோடுதான் சொன்னேன். அன்று மாலையே எனக்கென்று ஒரு பெட்டி வாங்கி, ஆறு கேப்பிலும் நகப்பூச்சுப் புள்ளி வைத்தேன்.