விமானப் படம் திருத்த ஜிம்ப் போதுமா?

படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் போதும், ஆனால் பக்கத்தில் கேமராவின் ரா கோப்பைத் திருத்தும் டார்க்டேபிளும் இருக்க வேண்டும். இரண்டும் இலவசம் என்பதால் மாதச் சந்தா கட்டும் மென்பொருளுக்குப் போகும் முன் இந்த ஜோடியைப் பார்த்துவிடலாம்.

ஜெட்ஃபோட்டோஸ், ஏர்லைனர்ஸ்.நெட் போன்ற விமானப் படத் தளங்களில் படத்தை ஏற்றியவுடன் அது வெளியாகிவிடாது. ஸ்கிரீனர்கள் (தளத்தின் தேர்வாளர்கள்) ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ‘சாய்ந்திருக்கிறது’, ‘நடுவில் இல்லை’, ‘அளவுக்கு மீறிக் கூர்மை’, ‘தூசிப் புள்ளி’ என்று காரணம் சொல்லித் திருப்பியும் அனுப்புவார்கள். இந்த நான்கையும் ஜிம்ப்பில் சரி செய்ய முடியும் என்பதே அதை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம்.

காரைக்குடிக்காரர்களுக்கு விமானம் என்றால் சுமார் 90 கி.மீ. தள்ளியிருக்கும் திருச்சியோ மதுரையோதான். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது, விமானம்தான் இல்லை. மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்து எடுப்பது இன்னொரு வழி. பெங்களூரிலிருந்து கொழும்புக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அது நம் தலைக்குப் பக்கத்தில்தான் போகும். இப்படி எடுக்கும் படத்தில் முக்கால்வாசி வெறும் நீல வானம், தூசிப் புள்ளிக்கு அங்கே ஒளிய இடமே கிடையாது.

முதலில் ரா கோப்பு, அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம். ஜிம்ப் அதைத் தானாகத் திறக்காது. டார்க்டேபிள் கணினியில் இருந்தால் ரா கோப்பை அதனிடம் அனுப்பிவிடும். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது), இரைச்சல் (மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள்) குறைப்பு, லென்ஸ் ஓரத்து இருட்டு ஆகிய மூன்றையும் அங்கேயே முடித்துவிட வேண்டும். ஜிம்ப்பில் லென்ஸ் கோணலைக் கையால் திருத்தும் ஃபில்டர்தான் உண்டு, எந்த லென்ஸுக்கு எவ்வளவு என்ற கணக்கு அதனிடம் இல்லை. முடித்ததை 16 பிட் டிஃப்பாக (நிறப் படிகள் நிறைய உள்ள கோப்பாக) வெளியே எடுங்கள். 8 பிட்டில் லெவல்ஸை (ஒளி அளவுகளை) இழுத்தால் நீல வானம் படிக்கட்டு படிக்கட்டாகப் பிரிந்துவிடும்.

அடுத்து சாய்வு. மெஷர் கருவியை எடுத்து ஒரு செங்குத்துக் கோட்டின் மேல் இழுத்து ‘ஸ்ட்ரெய்ட்டன்’ அழுத்தினால் படம் நிமிர்ந்துவிடும். எந்தக் கோட்டைப் பிடிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஓடுதளத்தின் விளிம்பை நம்பக் கூடாது, அது நமக்குக் குறுக்காகப் போகும், தரையே மேடு பள்ளமாகவும் இருக்கும். படத்தின் நடுவுக்குப் பக்கத்தில் தெரியும் முனையக் கட்டடத் தூணோ விளக்குக் கம்பமோதான் சரி. ஓரத்துக் கம்பம் லென்ஸால் சாய்ந்து தெரியும். பிறகு கிராப் கருவியில் விகிதத்தை 3:2 என்று பூட்டி, ‘சென்டர் லைன்ஸ்’ வழிகோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு நுனிக்கு முன்னும் வால் நுனிக்குப் பின்னும் ஒரே அளவு இடம் வேண்டும்.

தூசிக்கு ஜிம்ப்பில் அருமையான வழி இருக்கிறது. லேயரை (படத்தின் அடுக்கை) நகல் எடுத்து, கலர்ஸ் மெனுவில் ஆட்டோ, அதற்குள் ஈக்வலைஸ். வானம் அலங்கோலமாகிவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத புள்ளியெல்லாம் கறுப்பு வட்டமாக வந்து நிற்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, நகலை மறைத்து, அசல் லேயரில் ஹீல் கருவியால் துடைக்கலாம். லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 11-க்கு மேல் போனால் சென்சார் தூசி பளிச்சென்று தெரியும் என்பதால் எஃப் 8-ஓடு நிறுத்துவது கைவேலையை மிச்சப்படுத்தும். தூசியைத் துடைக்கலாமே தவிர, குறுக்கே நிற்கும் கம்பத்தை அழிப்பது மோசடிக் கணக்கில் சேரும். பிடிபட்டால் பெயர் கெடும்.

ஒளியில் ஒரே எச்சரிக்கை. வெள்ளை உடலை 255 (முழு வெள்ளை) வரை ஏற்றாதீர்கள், 245 பக்கம் நிறுத்தினால் ரிவெட் ஆணி வரிசை தப்பிக்கும். இண்டிகோவின் கருநீல வயிறு இருட்டாகத் தெரிகிறதே என்று ‘ஷேடோஸ்-ஹைலைட்ஸ்’ ஃபில்டரை ஏற்றினால் விமானத்தைச் சுற்றி வெளிறிய வளையம் விழும், ஸ்கிரீனர் முதலில் பார்ப்பதே அதைத்தான். வெள்ளை வயிற்றில் லேசாகச் செம்மண் சாயல் ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள், அது தரையின் எதிரொளி. அதை எடுக்கப் போனால் வெள்ளை நீலமாகிவிடும்.

பெரும்பாலான படங்கள் தோற்கும் இடம் அளவுக் குறைப்பும் கூர்மையும். 6000 பிக்சல் படத்தை 1280-க்கு இறக்கும்போது ஸ்கேல் இமேஜ் பெட்டியில் ‘நோஹேலோ’ என்ற கணக்கு முறையைத் தேர்ந்தெடுங்கள். பாதிக்கும் கீழே இறக்குவதற்கு அதுதான் சரி, ‘லோஹேலோ’ படத்தைச் சற்றே சுழற்றுவது போன்ற சின்ன மாற்றங்களுக்கு. கூர்மை எப்போதும் அளவைக் குறைத்த பிறகுதான். லேயரை நகலெடுத்து, அதன் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை) ‘எல்சிஎச் லைட்னஸ்’ ஆக்கிவிட்டு, ஷார்ப்பன் (அன்ஷார்ப் மாஸ்க்) போடுங்கள். அது தானாகத் தரும் ரேடியஸ் (கூர்மை பரவும் அகலம்) 3 விமானப் படத்துக்கு ஆகவே ஆகாது, காவி கட்டிய கோலம் மாதிரி இறக்கையைச் சுற்றி ஒரு கரை விழும். ரேடியஸ் 0.5 முதல் 0.8, அமவுண்ட் (கூர்மையின் அளவு) 0.4-இல் தொடங்கி 0.6-க்குள் நில்லுங்கள். பிறகு லேயர் மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) சேர்த்து, கறுப்பு பிரஷால் வானத்தை முழுக்க மறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடங்கிய இரைச்சல் திரும்ப எழும்பும். இறக்கையின் முன் விளிம்பு, ஆன்டெனா, சாய்வாக ஓடும் எழுத்து இவற்றிலும் பாதி அழுத்தத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பல்பல்லாக அரிந்ததுபோல் தெரிவது அங்கேதான்.

இதையெல்லாம் 100 சதவீதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விசைப்பலகையில் 1-ஐ அழுத்தினால் போதும். 67 சதவீதத்தில் பார்த்தால் இல்லாத அரிவாள் பல்லெல்லாம் தெரியும். விண்டோஸ் மடிக்கணினியில் திரை அளவு 125 சதவீதம் என்று வைத்திருந்தால் உலாவியில் படம் எப்போதும் கொஞ்சம் மழுங்கியே தெரியும். அதைப் பார்த்து இன்னும் கூர்மை ஏற்றுவது வீண்.

வெளியே எடுக்கும்போது நிறத்தை எஸ்ஆர்ஜிபிக்கு (இணையத்தின் பொது நிற முறைக்கு) மாற்றுங்கள், ஜேபெக் தரம் 95-க்குக் குறையாமல், சப்சாம்ப்ளிங் (நிற விவரத்தைக் குறைக்கும் விதம்) 4:4:4, அதாவது நிறம் குறையாமல். ஏர்ஏசியா மாதிரி சிவப்பு எழுத்துள்ள விமானத்தில் 4:2:0 வைத்தால் எழுத்தின் ஓரம் கசியும்.

இந்த ஜோடியால் ஆகாதது கானல். வெயில் ஏறியபின் ஓடுதளத்துக்குக் குறுக்கே எடுத்த படத்தில் ஜன்னல் வரிசை நெளிந்திருந்தால் எந்த மென்பொருளும் நிமிர்த்தாது, காலை ஒன்பதுக்குள் எடுத்ததை மட்டும் திருத்த உட்காருங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம் பக்கம் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் தெற்கே நின்று எடுத்தால் உடல் நிழலில் போய்விடும்.

கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவில் கொடுத்துத் திருத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கைத்திறமை இருக்கிறது, ஆனால் பழக்கம் வேறு. முகத்தைப் பளபளப்பாக்கும் அதே கை விமானத்தின் தகட்டு இணைப்புகளையும் வழித்துவிடும், வானத்தை ஊதா ஆக்கிவிடும்.

2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0 பதிப்பில் ஃபில்டரைப் போட்ட பிறகும் அளவை மாற்றலாம். கூர்மையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க இது பெரிய வசதி, இதற்காகவே 2.10-லிருந்து மாறலாம். பழைய பிளக்இன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) பல இதில் ஓடாது, அவற்றை நம்பியிருப்பவர்கள் மட்டும் பொறுக்கலாம். திருத்தியதை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் சேமித்து வையுங்கள். திரும்பி வந்த படத்தை மறுபடி ஜேபெக்கிலிருந்து தொடங்கினால் தரம் இன்னும் இறங்கும்.