நர்சிங் அசிஸ்டென்ட் வேலை: ரயில்வே ஆஸ்பத்திரி முதல் வீட்டுக் கேஸ் வரை, கையில் எவ்வளவு நிற்கும்?

சென்னைக்குப் போனால் சம்பளம் கூடும், ஊர்ப்பக்கம் இருந்தால் குறையும் என்பார்கள். நர்சிங் அசிஸ்டென்ட் வேலையில் இது பாதிதான் உண்மை. ஊர் மாறினால் சில ஆயிரம் மாறும். சம்பளம் கொடுக்கிறவர் மாறினால் பாதிக்குப் பாதி மாறும்.

ஊரால் வரும் வித்தியாசத்தைத் துல்லியமாகப் பார்க்க மத்திய அரசுப் பணிதான் வசதி. ரயில்வே மருத்துவமனை உதவியாளர், 7-வது ஊதியக் குழுவின் நிலை 1-இல் சேருகிறார்; அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 10,440. இதுவரை எந்த ஊரானாலும் ஒன்றுதான். வீட்டு வாடகைப்படி சென்னையில் 30 சதவீதம் (5,400), திருச்சியில் 20 (3,600), விழுப்புரம் போன்ற ஊரில் 10 (1,800). போக்குவரத்துப்படி அகவிலைப்படியோடு சேர்த்து சென்னையிலும் கோவையிலும் 2,133, மற்ற ஊர்களில் 1,422. கூட்டினால் சென்னை பெரம்பூரில் 35,973, திருச்சி பொன்மலையில் 33,462, விழுப்புரத்தில் 31,662. உச்சிக்கும் அடிக்கும் இடையே 4,311 ரூபாய்தான். பெரம்பூர் வாடகையை நினைத்துப் பார்த்தால் விழுப்புரத்துக்காரர் கையில்தான் அதிகம் மிஞ்சும். நோயாளி பராமரிப்புப் படிக்குத் தகுதியுள்ள பணியிடமானால் மேலே 5,125 சேரும். தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு 2,844 பிடிப்பார்கள். அரசு தன் பங்காக 14 சதவீதம் போடும்.

தமிழக அரசில் நிலை 1 தொடங்குவது 15,700-இல். அதே 58 சதவீதத்தைச் சேர்த்தால் 24,806. வாடகைப்படி சதவீதக் கணக்கில் வராது, ஊர்வாரியாக வைத்திருக்கும் நிலையான தொகை. மத்திய அரசுத் தொகையோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனாலும் பக்கத்து வார்டில் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தப் பணியாளரைப் பார்த்தால் இது எவ்வளவோ மேல். ஒப்பந்தத்தில் சம்பளம் தருவது மருத்துவமனை அல்ல, ஏஜென்சி. இங்கேதான் ஊர்க் கணக்கு மறுபடி நுழைகிறது: மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. கலெக்டர் ரேட் கொடு என்று ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்பது இதைத்தான். ஆர்டரில் 'ஹவுஸ்கீப்பிங்' என்று போட்டுவிட்டு வார்டில் டயாப்பர் மாற்றவும் ஸ்ட்ரெச்சர் தள்ளவும் விட்டால், திறனற்றவர் கூலியில் திறன் வேலை வாங்குகிறார்கள் என்று பொருள். சேரும்போதே பதவிப் பெயரைப் படித்துப் பாருங்கள்.

தனியார் பக்கம் வந்தால் கணக்கு குழம்பும், குழப்புவார்கள் என்றும் சொல்லலாம். பெரிய மருத்துவமனையின் ஹெச்.ஆர். '17,000 சி.டி.சி.' (உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்கிறார், தெருமுனை நர்சிங் ஹோம் '16,000 கையில்' என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 17,000-இல் முதலாளி பங்கு முன்னாலேயே கழியும்: மொத்தச் சம்பளத்தின் மேல் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) நிர்வாகச் செலவோடு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 3.25 சதவீதம். மொத்தச் சம்பளம் முழுவதற்கும் பி.எஃப். கட்டினால் மிஞ்சும் அந்த மொத்தச் சம்பளம் சுமார் 14,624. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,755, இ.எஸ்.ஐ. 110. வங்கிக் கணக்கில் விழுவது 12,759. ஹாஸ்டல், மெஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும்.

அப்போ 16,000 மேல்தானே என்று தோன்றும். மணிக்கணக்கைப் போடுங்கள். பெரிய மருத்துவமனையில் 8 மணி நேரம், 26 நாள்: 208 மணி, மணிக்கு 61 ரூபாய். நர்சிங் ஹோமில் காலை 8 முதல் இரவு 8 வரை என்றால் 312 மணி, மணிக்கு 51 ரூபாய். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு உண்டு. ஆனால் 12 மணி நேரமே 'டியூட்டி' என்றாகிவிட்ட இடத்தில் அதை யாரும் எழுதுவதில்லை. பி.எஃப். 20 பேர் இருந்தால்தான் கட்டாயம், இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். சின்ன நர்சிங் ஹோம்களில் இரண்டுமே இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். இருக்கிற ஆளையே கணக்கில் காட்டாதது இன்னொன்று.

இ.எஸ்.ஐ.யைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 110 ரூபாய் பிடித்தத்துக்குக் குடும்பத்துக்கே சிகிச்சை, நோய் விடுப்பில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம், பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். ஆனால் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது கட்டியிருந்தால்தான் நோய் விடுப்புப் பணம் கிடைக்கும். நாலு மாதத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று மாறும்போது இடைவெளி விழுந்தால் இதில்தான் அடிபடும். உச்சவரம்பு மாதம் 21,000. இருபதாயிரத்துச் சொச்சம் வாங்குகிறவருக்கு 'இன்க்ரிமென்ட்' கொடுத்து 21,500 ஆக்கினால், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் கட்டுவது நின்று, பிறகு காப்பீடும் போய்விடும். பதிலுக்குக் குழுக் காப்பீடு தருகிறார்களா, அதில் பெற்றோர் உண்டா என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

வீட்டுக் கேஸ், அதாவது ஏஜென்சி மூலம் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது, கடைசி வழி. 24 மணி நேர டியூட்டி, சாப்பாடு, தங்கல், மாதம் 24,000 என்றால் கண்ணை இழுக்கும். 26 நாளுக்கு 624 மணி, மணிக்கு 38 ரூபாய். இரவில் தூங்கலாமே என்பார்கள்; பக்கவாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும், அப்புறம் தூக்கம் எங்கே? குடும்பம் ஏஜென்சிக்குக் கட்டுவதும் உங்களுக்கு வருவதும் ஒன்றல்ல. நோயாளி மருத்துவமனையில் சேர்ந்தாலோ இறந்தாலோ கேஸ் அன்றோடு முடிந்தது. அடுத்த கேஸ் வரும்வரை சம்பளம் கிடையாது. வருடத்தில் இரண்டு மாதம் இப்படிப் போனால் 24,000 என்பது சராசரியில் 20,000 ஆகிவிடும். ஒத்துக்கொள்ளும் முன் ஏஜென்சியிடம் கேட்க வேண்டியது மூன்று: கேஸ் இல்லாத நாளுக்குத் தங்கும் இடமாவது உண்டா, முன்பணமாகப் பிடிக்கும் தொகை எப்போது திரும்பும், வாரத்தில் ஒரு நாள் மாற்றாள் அனுப்புவார்களா.

எந்த இடத்தில் சேர்ந்தாலும் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருந்தால் இரண்டாம் மாதமே யு.ஏ.என். எண்ணை (உங்கள் பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) போட்டு பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சீட்டில் கழிந்து பாஸ்புக்கில் ஏறாத பணத்தை வேலையை விட்ட பிறகு துரத்துவது பெரும்பாடு.