தூண் மறைக்கும் பழைய அரங்கமா, தூரம் பிரிக்கும் புதிய அரங்கமா?

பேஸ்பாலில் உள்களத்துக்கு மட்டும்தான் கறாரான அளவு. பேட்டர் ஓடித் தொட வேண்டிய முனைகளுக்கு பேஸ் என்று பெயர்; ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. பந்தெறியும் பிட்சருக்கும் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம். இதில் யாரும் கை வைக்க முடியாது. வெளிச்சுவர் அப்படியில்லை. அது எவ்வளவு தூரத்தில் நிற்கும், எவ்வளவு உயரம் இருக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். பாஸ்டனில் சுவரில் மோதித் திரும்பும் பந்து வேறு ஊரில் சுவரைத் தாண்டி ஹோம் ரன், அதாவது கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி. அதனால்தான் அமெரிக்க ரசிகர்கள் அணியைப் பற்றிப் பேசும் அதே சூட்டோடு கட்டடத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். பழைய மைதானமா, புதிய மைதானமா என்ற வாக்குவாதம் அங்கே பல பத்தாண்டுகளாக ஓயவில்லை.

பழையது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டே இரண்டைத்தான்: பாஸ்டனின் ஃபென்வே பார்க் (1912), சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு (1914). அந்தத் தலைமுறையில் இன்றும் பெரிய லீக் அணிகளுக்குச் சொந்த மைதானமாக இருப்பவை இவை மட்டும்தான். இவற்றுக்கு அடுத்து மூத்தது லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் ஸ்டேடியம். அது 1962-ல் திறந்தது. புதியது என்றால் 1990களிலும் அதற்குப் பிறகும் வந்தவை. இடையில் 1960, 70களில் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பொதுவாக வட்ட வட்டமாகக் கான்கிரீட் அரங்கங்கள் கட்டினார்கள். அவற்றுக்கு வக்காலத்து வாங்க இன்று ஆள் கிடைப்பது அரிது; நானும் வாங்கப் போவதில்லை.

முதலில் பழையவற்றின் பக்கம். ஃபென்வேயின் இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம். அதற்கு கிரீன் மான்ஸ்டர் என்று பெயர். பின்னால் லான்ஸ்டவுன் தெரு ஓடுவதால் அந்தப் பக்கம் களத்தை நீட்ட வழியில்லை. ஹோம் பிளேட்டிலிருந்து 310 அடியிலேயே சுவர் வந்துவிடுகிறது. வேறு மைதானத்தில் சுலபமான கேட்சாகப் போகும் உயரப் பந்து இங்கே சுவரில் பட்டுத் திரும்பும். வேறு மைதானத்தில் ஹோம் ரன் ஆகியிருக்கும் தாழ்வான, வேகமான அடியும் இங்கே சுவரோடு சரி. அந்தப் பக்கம் நிற்கும் லெஃப்ட் ஃபீல்டர் சில சமயம் பந்தைத் துரத்தவே மாட்டார். நின்ற இடத்தில் நின்று, அது சுவரில் எந்தக் கோணத்தில் பட்டு எங்கே வந்து விழும் என்று கணிப்பார். சுவரின் அடியில் ஸ்கோர்போர்டு. உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் எண் பலகைகளை இன்றும் கையால்தான் மாற்றுகிறார்.

ரிக்லியில் வெளிச்சுவர் செங்கல். அதன் மேல் 1937-ல் நட்ட ஐவி கொடி. ஏப்ரலில் கொடி வெறும் குச்சியாக இருக்கும், ஜூலையில் செங்கல்லே தெரியாது. பந்து இலைக்குள் சிக்கிக்கொண்டால் ஃபீல்டர் உடனே இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிடுவார். அம்பயர் ஓடி வந்து பார்ப்பார். சிக்கியது உண்மை என்றால் பேட்டருக்கு இரண்டு பேஸ், அதோடு நிற்க வேண்டும். கையைத் தூக்காமல் இலைக்குள் துழாவ ஆரம்பித்தாரோ, ஆட்டம் உயிரோடுதான் இருக்கிறது என்று கணக்கு. பேட்டர் ஓடிக்கொண்டே இருக்கலாம். இப்படி ஒரு கொடிக்காகத் தனி விதி வைத்திருக்கும் விளையாட்டை நேசிக்காமல் இருப்பது கஷ்டம். 1988 ஆகஸ்ட் வரை அங்கே இரவு விளக்குகூடக் கிடையாது. எல்லா ஆட்டமும் பகல் வெயிலில்தான்.

இனி எதிர்வாதம். ஃபென்வேயின் கிராண்ட்ஸ்டாண்டில் (கூரை போட்ட பார்வையாளர் பகுதி) 1930களில் போட்ட ஓக் மர நாற்காலிகள் இன்னும் இருக்கின்றன. ஒடுக்கமானவை, கொஞ்சம் உயரமான ஆள் உட்கார்ந்தால் முட்டி முன்வரிசையில் இடிக்கும். வலப்பக்க மூலையில் உள்ள இருக்கைகள் ஹோம் பிளேட்டை நோக்காமல் நடுக்களத்தை நோக்கி அமைந்தவை. ஆட்டம் முடியும்வரை கழுத்தை இடப்பக்கம் திருப்பியே பார்க்க வேண்டும். கிராண்ட்ஸ்டாண்டில் பல இடங்களில் இரும்புத் தூண் குறுக்கே நிற்கும். பிட்சர் தெரிவார், பேட்டர் தெரியமாட்டார். பார்வை மறைக்கும் என்று சொல்லியே விற்கும் இருக்கைகளும் உண்டு. ரிக்லியில் 2004-ல் மேல் அடுக்கிலிருந்து கான்கிரீட் துண்டுகள் விழுந்து, அடியில் வலை கட்டினார்கள். ஆண்கள் கழிவறையில் இன்றும் எல்லோரும் வரிசையாக நிற்கும் நீளத் தொட்டிதான். பழமை என்ற பெயரில் இதையெல்லாம் சகித்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை என்று புதிய மைதானக்காரர்கள் சொல்வதில் தவறே இல்லை.

ஆனால் அந்தத் தூண் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த வாக்குவாதத்தின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன்.

தூண்கள்தான் பழைய அரங்கங்களில் மேல் அடுக்கைத் தாங்கின. அதனால் மேல் அடுக்கை முன்னால் கொண்டுவந்து கீழ் அடுக்கின் தலைக்கு நேர் மேலே நிறுத்த முடிந்தது. தூண் வேண்டாம் என்றால் பின்பக்கப் பிடிமானத்தில் மட்டும் அடுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நீட்டுவதற்கு ஓர் அளவு இருக்கிறது. எனவே மொத்த அடுக்கும் பின்னால் போனது. அப்புறம் சொகுசு அறைகள் வந்தன. அவை இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் நுழைந்துகொள்ள, மேல் அடுக்கு உயரமும் ஏறியது. பழைய அரங்கில் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சில ஆயிரம் பேருக்கு மட்டும் பார்வை கெட்டது. புதிய அரங்கில் மேலே உட்காரும் அத்தனை பேருக்கும் ஆட்டம் தூரமாகிவிட்டது. மேலே உட்காருபவர்கள் யார்? விலை குறைந்த சீட்டு வாங்குபவர்கள்.

டெட்ராய்ட்டின் டைகர் ஸ்டேடியத்தில் (1912–1999) வலப்பக்க மேல் அடுக்கு களத்துக்கு மேலேயே சுமார் 10 அடி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஃபீல்டர் கையுறையை விரித்துக் காத்திருக்க, பந்து அவர் தலைக்கு மேலே உள்ள அடுக்கில் விழுந்து ஹோம் ரன் ஆகிவிடும். அந்த நெருக்கத்தை அனுபவித்தவர்கள் அதை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. 1988-ல் ரசிகர்கள் அரங்கத்தைச் சுற்றி நின்று கைகோத்து அதை அணைத்துக்கொண்டார்கள். பலன் கிடைக்கவில்லை. 2000-ல் அணி கொமெரிகா பார்க்குக்குப் போனது, 2008-09-ல் பழைய கட்டடத்தை இடித்தார்கள்.

சிகாகோவின் தென்பகுதியில் நடந்ததும் இதே கதைதான். ஒயிட் சாக்ஸ் அணியின் பழைய காமிஸ்கி பார்க் 1910-ல் கட்டியது. தெருவுக்கு அந்தப் பக்கத்திலேயே புதியதைக் கட்டி 1991-ல் குடிபெயர்ந்தார்கள். தூண் ஒன்றுகூட இல்லை. ஆனால் பழையதன் மேல் அடுக்கில் கடைசி வரிசை இருந்ததைவிட, புதியதன் மேல் அடுக்கில் முதல் வரிசை களத்திலிருந்து தள்ளி இருந்தது. செங்குத்து வேறு, படியில் இறங்கவே பயம் என்று ரசிகர்கள் புலம்பினார்கள். கடைசியில் 2004 வாக்கில் மேல் அடுக்கின் உச்சியிலிருந்து எட்டு வரிசைகளை வெட்டி எடுத்தார்கள். திறந்து 13 ஆண்டுகூட ஆகாத கட்டடத்துக்கு இந்த அறுவை சிகிச்சை.

இதில் வியப்பு என்னவென்றால், அதை வடிவமைத்த ஹெச்ஓகே என்ற கட்டடக்கலை நிறுவனம்தான் அடுத்த ஆண்டே பால்டிமோரில் திறந்த கேம்டன் யார்ட்ஸையும் வடிவமைத்தது. புதிய மைதானங்களில் ரசிகர்கள் ஒருமனதாக நேசிப்பது ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். காரணம், ஊருக்குள் கட்டினார்கள். அங்கே ஏற்கெனவே நின்ற, 1,000 அடிக்கு மேல் நீளமான ரயில்வே கிடங்கை இடிக்காமல் வலப்பக்கத்துப் பின்னணியாக வைத்துக்கொண்டார்கள். கிடங்குக்கும் அரங்குக்கும் நடுவே யூட்டா தெரு. அங்கே ஹோம் ரன் வந்து விழுந்த இடங்களில் தரையில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். பார்பெக்யூ புகைக்கு நடுவே குழந்தைகள் குனிந்து பெயர்களைப் படித்துக்கொண்டு போவார்கள். கிடங்கின் சுவரில் 1993-ல் நடந்த ஹோம் ரன் காட்சிப் போட்டியில் சியாட்டில் அணி வீரர் கென் கிரிஃபி ஜூனியர் பந்தை அடித்தார். முறையான ஆட்டத்தில் யாரும் இதுவரை அதைத் தொடவில்லை.

அதற்கப்புறம் எல்லா ஊரும் செங்கல்லும் கோணல் சுவரும் கேட்டது. நகலெடுத்தவர்கள் பலர், புரிந்துகொண்டவர்கள் சிலர். நன்றாகப் புரிந்துகொண்டது பிட்ஸ்பர்க் என்பேன். 2001-ல் திறந்த பிஎன்சி பார்க்கில் இரண்டே அடுக்குதான். இருக்கைகளைச் சுமார் 38,000-த்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் மேலே உட்கார்ந்தவருக்கும் ஆட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நடப்பதுபோல இருக்கும். எதிரே ஆறு, பாலம், நகரத்தின் உயரக் கட்டடங்கள். ஆட்ட நாளில் கிளமென்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட, மக்கள் நடந்தே வருவார்கள். இதற்கு முன் அந்த அணி 30 ஆண்டுகள் இருந்த த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம் அந்த வட்டக் கான்கிரீட் வகை. அதோடு ஒப்பிட்டால் இங்கே புதியதுதான் வெற்றி, சந்தேகமே வேண்டாம்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலும் அப்படித்தான். கேண்டில்ஸ்டிக் பார்க்கில் கோடை இரவில் அடித்த குளிர்காற்றைத் தாங்க முடியாமல், கூடுதல் இன்னிங்ஸ் போன இரவு ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தவர்களுக்குப் பதக்கம்போல ஒரு பின் கொடுத்தார்கள். 2000-ல் வளைகுடா ஓரத்தில் வந்த இன்றைய ஆரக்கிள் பார்க்கைத் தனியார் பணத்தில்தான் கட்டினார்கள். வலப்பக்கச் சுவரின் வளைவுகளுக்கு வெளியே நின்று டிக்கெட் இல்லாமலே கொஞ்ச நேரம் ஆட்டம் பார்க்கலாம். பழையது என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது என்பதற்கு கேண்டில்ஸ்டிக் போதும்.

புதியவற்றுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு, வயதானவருக்கு, கைக்குழந்தையோடு வருபவருக்குப் புதிய அரங்கம்தான் வசதி: அகலமான நடைவழி, லிஃப்ட், உணவு வாங்க நிற்கும்போதும் களம் கண்ணில் படும் அமைப்பு. ரிக்லியைப் புதுப்பித்தபோது சக்கர நாற்காலிக்காரர்களுக்குச் சரியான இடம் தரவில்லை என்று 2022-ல் அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது. பழமையைக் கொண்டாடுகிற நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது.

ஆனால் புதியதன் பெயரில் வருவதெல்லாம் ரசிகருக்காக வருவதில்லை. 2009-ல் நியூயார்க்கில் புதிய யாங்கி ஸ்டேடியம் திறந்தபோது ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் சில இருக்கைகளின் விலை ஓர் ஆட்டத்துக்கு 2,500 டாலர். பல இருக்கைகள் விலைபோகவில்லை. டிவியில் ஒவ்வொரு பந்துக்கும் காலி நாற்காலிகள் தெரிந்தன. சில வாரங்களிலேயே விலையைக் குறைத்தார்கள். அந்த இருக்கைகளையும் பின்வரிசைக்காரர்களையும் ஒரு கான்கிரீட் தடுப்பு பிரிக்கிறது. முன்பு குழந்தைகள் ஆட்டத்துக்கு முன்னால் கீழே ஓடிப்போய் வீரர்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். தடுப்புக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லாமல் போய்விட்டது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

புதியவற்றின் ஆயுளைப் பார்த்தாலும் வயிறு எரிகிறது. அட்லாண்டாவின் டர்னர் ஃபீல்டு 1996 ஒலிம்பிக் அரங்கத்தை மாற்றியமைத்து உருவானது; பிரேவ்ஸ் அணி அதில் 20 பருவங்கள்தான் ஆடியது. பிறகு புறநகர்ப் பக்கம், நகர ரயில் எட்டாத காப் கவுண்டிக்குப் போய்விட்டது. டெக்ஸஸின் ஆர்லிங்டனில் 1994-ல் கட்டிய மைதானம் 2019 வரை. வெயில் தாங்காமல் கூரையும் குளிரூட்டியும் வேண்டும் என்று பக்கத்திலேயே இன்னொன்று, 2020-ல். அங்கே வெயில் உண்மையான காரணம்தான், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் யார் உட்கார முடியும்? ஆனால் ஊர்ப்பணம் இரண்டுக்கும் போயிருக்கிறது. கான்சாஸ் சிட்டியில் 2024 ஏப்ரலில் ராயல்ஸ் அணிக்குப் புதிய மைதானம், அமெரிக்கக் கால்பந்து அணியின் அரங்கத்துக்குச் சீரமைப்பு என்று இரண்டையும் சேர்த்து விற்பனை வரி கேட்டபோது, வாக்களித்தவர்களில் சுமார் 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். நீரூற்றுகளோடு 1973-லிருந்து நிற்கும் காஃப்மன் ஸ்டேடியமே போதும் என்றார்கள் அங்கே பல ரசிகர்கள்.

என் மனசு பாஸ்டன் எடுத்த வழியின் பக்கம்தான். 1999-ல் ஃபென்வேயைக் கைவிட்டுப் பக்கத்தில் புதியது கட்டும் திட்டம் அங்கேயும் வந்தது. ரசிகர்கள் எதிர்த்துக் கூட்டம் சேர்த்தார்கள். 2002-ல் வந்த புதிய உரிமையாளர்கள் பழுதுபார்க்கவே முடிவெடுத்தார்கள். அந்த வேலைக்கு அவர்கள் அழைத்தது கேம்டன் யார்ட்ஸ் கட்டும் வேலையை அந்த ஊர் அணி சார்பில் முன்னின்று நடத்திய ஜேனட் மேரி ஸ்மித்தை. புதியதைக் கட்டியவரையே பழையதைக் காப்பாற்றக் கூப்பிட்டது அருமையான முடிவு. 2003-ல் கிரீன் மான்ஸ்டரின் தலையிலேயே இருக்கைகள் போட்டார்கள், நடைவழிகளை விரித்தார்கள். சுவரில் ஒரு அடிகூடக் குறையவில்லை.

சரி, ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வாய்ப்பு என்றால் எங்கே போவது? அம்மா அப்பாவையோ குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு போனால் பிஎன்சி பார்க். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், மேல் அடுக்கில் வாங்குங்கள், ஆறும் நகரமும் சேர்ந்து தெரியும். டெக்ஸஸில் ஜூலை என்றால் கூரை போட்டதற்கு மனதார நன்றி சொல்லிவிட்டு உள்ளே போங்கள். தனியாகவோ நண்பர்களோடோ போனால் ரிக்லியின் வெளிக்களத்துத் திறந்த பெஞ்சுகள், கண்டிப்பாகப் பகல் ஆட்டம். ஃபென்வே என்றால் கிராண்ட்ஸ்டாண்ட் சீட்டு வாங்கும் முன் அந்த இருக்கையிலிருந்து தூண் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வலப்பக்க மூலையைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது பேஸ் பக்கம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.